காயாத வெள்ளைத் துண்டு

புனேயில் மழைக்காலத்தில் துணி காயாது. அங்கே குடித்தனம் நடத்திய எவரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வெளியே தூறல் விடாது. வீட்டுக்குள் குறுக்கே கட்டிய கொடியில் எல்லாருடைய துணியும் நாள்கணக்கில் தொங்கும். எவ்வளவு துவைத்தாலும் பூஞ்சை வாடை போகாது. அவசரம் என்றால் கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியை விரித்துக் காயவைப்போம். அந்த அடுப்பை அங்கே ஷெக்டி என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகியிருந்தோம். அப்படிப்பட்ட ஒரு மழைக்காலத்தில், இரண்டே அறை உள்ள வீட்டில், இருந்த ஒரே கொடியில் பாதியை நான் பிடித்துக்கொண்டேன். அதில் தொங்குகிற நான்கு துணிகளை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். என்னை யாரும் அடிக்காமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை.

நான்கு துணிகள் இவை: அப்பா இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட சாரம், ஊதாப் பூப்போட்ட சோலாப்பூர்ப் போர்வை, நாலாக மடித்த அம்மாவின் பச்சைக் கைத்தறிச் சேலை, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளை ஈரிழைத் துண்டு. இவற்றை நான் எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தேன். பொழுதுபோக்குக்காக இல்லை. அந்தப் படத்தை நம்பித்தான் என் வேலை இருந்தது. அந்த வேலையை நம்பித்தான் மற்றதெல்லாம் இருந்தது.

அப்பா புனேயை ஒட்டிய கிர்க்கியில் ராணுவக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, கல்யாணமான புதிதில் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தவர், பிறகு திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ் ஆராதனை, வீட்டில் தமிழ், வாசற்படியைத் தாண்டினால் இந்தியும் மராட்டியும் என்று நானும் தம்பியும் வளர்ந்தோம். எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்தாறு வயதானபோது, கேம்ப் என்கிற பகுதியில் ஒரு பெண்கள் பள்ளியில் சித்திர ஆசிரியையாக இருந்தேன். தற்காலிகமாக. அந்தச் சொல்லை நான் வெறுத்த மாதிரி வேறெதையும் வெறுத்ததில்லை. ஓய்வறையில் மற்ற ஆசிரியைகளுக்கு ஆளுக்கொரு நாற்காலி உண்டு. எனக்கும் உண்டு, யாராவது லீவு போட்டால்.

அந்த வருஷம் அந்த இடத்தை நிரந்தரமாக்கப் பள்ளி முடிவு செய்தது. எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் முறையாக டிப்ளமா முடித்த இன்னொரு பெண்ணும் மனுப் போட்டிருந்தாள். என்னிடம் இருந்தது மாணவியாக இருந்தபோது எழுதித் தேறிய இரண்டு சித்திரப் பரீட்சைகள் மட்டும். தலைமை ஆசிரியைக்கு என் மேல் பிரியம். அவர் என்னைக் கூப்பிட்டு, ஆகஸ்டில் நிர்வாகக் குழு கூடுகிறது, அவர்கள் சர்ட்டிபிகேட்டைப் பார்ப்பார்கள், உன்னிடம் அது இல்லை, அதனால் பெரிதாக ஓர் எண்ணெய் ஓவியம் வரைந்து கொண்டுவா, அதைக் காட்டிப் பேசுகிறேன் என்றார். அதுவரை நான் வரைந்ததெல்லாம் தண்ணீர் வண்ணத்தில். எண்ணெய் வண்ணத்தில் இரண்டு சின்னப் பலகைகளை வீணாக்கியதோடு சரி. இருந்தாலும் தலையைப் பலமாக ஆட்டிவிட்டு வந்தேன்.

அதே சமயம் வீட்டில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் ஊரிலிருந்து ஒரு வரன். பாங்கில் வேலை, நல்ல குடும்பம். ஒரே நிபந்தனை, பெண் அங்கே வந்து வீட்டோடு இருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. அவளுடைய பிறந்த வீடு எப்போதோ கைமாறிவிட்டது. ஊருக்குப் போனால் யார் வீட்டில் இறங்குவது என்பதே அவளுக்கு ஒவ்வொரு முறையும் பெரிய சங்கடம். மகள் அங்கே வாழ்க்கைப்பட்டால் அது தீரும் என்று அவள் ஒளிக்காமலே சொன்னாள். அப்பா நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். வேலை நிரந்தரமானால் வரன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆகாவிட்டால் நான் மறுபேச்சில்லாமல் சம்மதிக்க வேண்டும். நான் உடனே ஒத்துக்கொண்டேன். என் கையின் மேல் எனக்கு அப்போது அவ்வளவு திமிர்.

ஏன் போயும் போயும் துணி என்று தம்பி கேட்டான். ஆளை வைத்து வரையலாம் என்றால் எங்கள் வீட்டில் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார ஆள் கிடையாது. பழத்தை வைத்து வரையலாம் என்றால் அவனே தின்றுவிடுவான். துணிதான் சொன்ன இடத்தில் தொங்கும். ஆனால் துணியை வரைவது லேசு என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு மடிப்பை வரைந்து பார்க்கட்டும். சாரம் ஒரு விதமாக விழும், கஞ்சி போட்ட சேலை இன்னொரு விதமாக விழும். சோலாப்பூர்ப் போர்வை மடியவே மடியாது, வீம்பு பிடித்த மனிதரைப் போல விறைத்துக்கொண்டு நிற்கும். எல்லாவற்றிலும் கஷ்டம் வெள்ளைத் துண்டு. உற்றுப் பார்த்தால் அதில் வெள்ளை கொஞ்சம்தான். இடப்பக்கத்து ஜன்னலிலிருந்து மழை வெளிச்சம் விழும்போது ஒரு பக்கம் சாம்பலாக இருக்கும். சேலையை ஒட்டிய மடிப்பில் லேசாகப் பச்சை ஏறியிருக்கும். அசல் வெள்ளை எங்கோ ஓர் ஓரத்தில் நூலளவுக்கு இருக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் துண்டு இன்றைக்குத் தொங்குகிற மாதிரியே நாளைக்கும் தொங்க வேண்டும். யாராவது லேசாக இழுத்துவிட்டாலும் மடிப்பெல்லாம் கலைந்துவிடும், கலைந்தது திரும்ப வராது.

அதனால் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் காலை வெளிச்சத்தில் வரைவேன். மற்ற நேரமெல்லாம், தொடாதே, அசைக்காதே என்று கத்திக்கொண்டிருப்பேன். கொடி அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில் போனது. அப்பா பக்கவாட்டில் நழுவிப் போவார். அம்மாதான் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்தத் துண்டுக்குக் கீழே குனிந்து போய்க் குனிந்து வந்தாள். கொடியையே ஒங்க பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுத்தாச்சோ என்று ஒருநாள் கேட்டாள். மற்ற துணியெல்லாம் ஷெக்டியின் மேல் கரிப்புகை வாடையோடு காய்ந்தன.

போர்வையும் சாரமும் முடிந்த நேரத்தில் எண்ணெய் தீர்ந்துபோனது. வண்ணத்தை இளக்குவதற்கு ஆளி விதை எண்ணெய் வேண்டும். அதை மராட்டியில் ஜவஸ் என்பார்கள். லக்ஷ்மி ரோட்டில் நான் வாங்குகிற கடையில் சரக்கு வரவில்லை, பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாளை நாங்கள் காக்கூ என்று கூப்பிடுவோம். அவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஜவஸா, அதைத்தானே நாங்கள் சட்னி செய்து பாக்ரி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறோம் என்றார். அந்தச் சட்னியை அவர் கொடுத்து நாங்களே எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறோம்.

அடுக்களையிலிருந்து அம்மா இதைக் கேட்டாள்.

“திங்கிற எண்ணெய்தானட்டி அது? அப்ப நம்ம நல்லெண்ணெய்க்கு என்ன கொறச்சல்? ஊர்ல செக்குல ஆட்டுனது. இதவிடச் சுத்தம் எங்க கெடைக்கும்?”

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. எண்ணெய் என்றால் எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்தான். இட்லிப் பொடிக்கும் அதுதான், சனிக்கிழமைத் தலைக்கும் அதுதான். அம்மா டின்னிலிருந்து ஊற்றி, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளை வண்ணம் அதில் வெண்ணெய் மாதிரி குழைந்தது. தூரிகை வழுக்கிக்கொண்டு போனது. சாம்பலையும் பச்சையையும் வெள்ளையோடு இழைக்க இழைக்க, துண்டின் இரட்டை நூலும் நனைந்த கனமும் தானாக வந்து நின்றன. நான் அதுவரை வரைந்ததிலேயே அந்தத் துண்டுதான் உருப்படி. சேலையையும் அதே எண்ணெயில் முடித்தேன். முடித்த அன்றே தலைமை ஆசிரியையிடம் போய், படம் தயார் என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் குழுவினரிடம் அதைச் சொல்லிவைத்தார்.

ஒரு வாரம் கழித்துத் துண்டின் மூலையைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. இந்த மழையில் எதுதான் காய்கிறது என்று அப்பா சொன்னார். சரி என்று விட்டேன். இன்னும் ஒரு வாரம் போனது. போர்வை காய்ந்து இறுகிவிட்டது, சாரமும் காய்ந்துவிட்டது. துண்டும் சேலையும் வரைந்த அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தன. ஷெக்டியை மூட்டி, படத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக் காயவைத்தோம். சற்று நேரத்தில் துண்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் மெதுவாக இறங்கி வந்தது. அவசரமாகப் படத்தைத் தூக்கிக்கொண்டேன். தம்பிகூட அன்று கிண்டல் செய்யவில்லை.

குழு கூடுவதற்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது வண்ணக் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் என்ன எண்ணெய் என்று கேட்டார். சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கல்லாவில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

“ஹே கதீச் சுக்ணார் நாஹி,” என்றார்.

இது காயவே காயாது. ஜவஸ் எண்ணெய் காற்றுப் பட்டால் தோல் மாதிரி இறுகும், எள் எண்ணெய் தலையில் தேய்த்த மாதிரி அப்படியே கிடக்கும் என்று விளக்கினார். சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தால் என்று கேட்டேன். வரையலாம், அதுவும் காய இரண்டு வாரம் ஆகும் என்றார். கடைக்கு ஜவஸ் எண்ணெய் வந்திருந்தது. ஒரு புட்டி வாங்கிக்கொண்டு, எதற்கு வாங்கினேன் என்று தெரியாமலே பஸ் ஏறினேன்.

வீடு வருகிற வரைக்கும் எனக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. வேலை போனால் யாருக்கு லாபம்? அந்தக் கேள்வி வந்ததும் பதிலும் கூடவே வந்துவிட்டது. அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமல் அவள் முன்னால் போய் நின்றேன்.

“இது காயாதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தியளா?”

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். அவள் பேசாமல் மறுபடி கத்தரிக்காயைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. ஊரில் ஒரு வாசல் வேண்டும் என்பதற்காக என்னை விற்கப் பார்க்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். அப்பா முன்னறையிலிருந்து என் வாயை மூடச் சொன்னார். அதன் பிறகு நானும் அம்மாவும் பேசவில்லை. சோறு வரும், நான் சாப்பிடுவேன். படம் முடிந்து பல நாள் ஆகியும் அந்த நான்கு துணிகளை யாரும் கொடியிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அதனால் அவளும் தொடவில்லை. அப்போதும் அந்தத் துண்டுக்குக் கீழே குனிந்துதான் போனாள்.

குழு கூடுகிற நாள் வந்தது. ஈரப் படத்தை எப்படிக் கொண்டுபோவது என்பது பெரிய பாடு. தம்பி நான்கு மூலையிலும் புட்டித் தக்கைகளை ஆணி வைத்து அடித்து, அவற்றின் மேல் ஒரு ரப்பர் ஷீட்டை இழுத்துக் கட்டினான். அவன் குழந்தையாக இருந்தபோது அவனுக்கு அடியில் விரித்த ஷீட் அது. கட்டிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிப் பரீட்சைக்குப் போய்விட்டான். அப்பா அலுவலகம் போய்விட்டார். தனியாகத் தூக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அம்மாவிடம் கேட்கவும் மனம் வரவில்லை. நான் படத்தை ஒரு பக்கமாகத் தூக்கித் தடுமாறிக்கொண்டிருந்தபோது அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்து நின்றாள்.

“அந்தப் பக்கம் நான் பிடிக்கேன்,” என்றாள்.

இருந்த ஒரு குடையைப் படத்துக்குப் பிடிக்க வேண்டியிருந்தது. அம்மா கொடியை அண்ணாந்து பார்த்தாள், பிறகு கை நீட்டி அந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். எத்தனையோ வாரமாகத் தொங்கிய துண்டு. எனக்குப் பழக்கத்தில் தொடாதே என்று வாய்வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ரிக்ஷாவில் இருவர் மடியிலும் படத்தைக் கிடத்திக்கொண்டு போனோம். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது. ரப்பர் ஷீட் தொய்ந்து படத்தைத் தொட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வழியில் கலைந்தால் தேவைப்படும் என்று தூரிகைகள், வெள்ளை, கறுப்பு, பச்சை டியூப்கள், வண்ணம் வழிக்கிற கத்தி, புது எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் பையில் போட்டிருந்தேன். வழி முழுக்க அம்மா முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தலைமை ஆசிரியையின் அறையில் ஒரு நாற்காலியில் படத்தை நிறுத்தினேன். நல்லவேளையாகச் சேலை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இழுபட்டிருந்தது. அம்மா வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அறையில் தலைமை ஆசிரியையையும் சேர்த்து நான்கு பேர். குழுவின் தலைவர் ராணுவத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், நரைத்த முறுக்கு மீசை. அவர் படத்துக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய முகத்தில் பிரியம் தெரிந்தது, எனக்கு மூச்சு வந்தது. இதை எப்போது முடித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றேன். அவர் துண்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து எடுத்தார். விரல் நுனியில் வெள்ளை இருந்தது. அதை எனக்குக் காட்டினார்.

நான் நல்லெண்ணெய்க் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே பொய் மாதிரி இருந்தது. சமையல் எண்ணெயா என்று ஒருவர் கேட்டுச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மிகவும் மரியாதையாக, யாராவது இந்த வாரம் உனக்கு வரைந்து கொடுத்திருக்கலாம், அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, அதற்காக உன்னை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றார். மேஜையின் மேல் அந்த இன்னொரு பெண்ணின் படங்கள் காய்ந்து, அடுக்கி, சர்ட்டிபிகேட்டுகளோடு இருந்தன. தலைமை ஆசிரியை என்னைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவரும் நம்பவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

என் கோபம் எனக்கு நிறையக் கெடுதல் செய்திருக்கிறது. அன்று ஒருநாள் நல்லது செய்தது. பையிலிருந்து கத்தியை எடுத்து, துண்டை மேலிருந்து கீழ்வரை சுரண்டினேன். ஈரமாக இருந்ததால் வழித்துக்கொண்டு வந்தது. மூன்று இழுப்பில் துண்டு போய்விட்டது. போர்வை, சாரம், சேலை எல்லாம் இருக்க, படத்தின் நடுவில் ஒரு துண்டு அளவுக்கு வெற்றுக் கேன்வாஸ் தெரிந்தது. இங்கேயே வரைகிறேன், நீங்கள் உட்கார்ந்து பாருங்கள் என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பார்த்து வரைய எதிரில் எதுவும் இல்லை. அந்த மடிப்புகளெல்லாம் மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடினால் ஒன்றுகூட வரவில்லை. எதையாவது தொங்கவிடலாம் என்றாலும் சுவர் முழுக்கத் தேசத் தலைவர்களின் படம், காலியாக ஓர் ஆணி கிடையாது. தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறந்திருந்த கதவு வழியாக அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பேசிய ஆங்கிலம் அவளுக்குப் புரிந்திருக்காது. நான் சுரண்டியது புரிந்திருக்கும்.

அம்மா எழுந்து, யாரையும் கேட்காமல் உள்ளே வந்தாள். தலையிலிருந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினாள். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி போய் நின்றாள். வலது கையை எங்கள் வீட்டுக் கொடியின் உயரத்துக்குத் தூக்கி, முன்கையின் மேல் துண்டைப் போட்டாள். முன்பக்கம் நீளமாகவும் பின்பக்கம் குட்டையாகவும் விட்டாள். வலது மூலையைக் கொஞ்சம் கீழே இழுத்தாள். பெரிய மடிப்பு ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல இரண்டு என்று இடது கையால் நீவி விட்டாள். எத்தனையோ வாரமாக நான் பார்த்துக்கொண்டிருந்த அதே துண்டு அப்படியே வந்து நின்றது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“வரைட்டி,” என்றாள்.

வரைந்தேன். இந்த முறை புட்டியிலிருந்த ஜவஸ் எண்ணெயில். சாம்பலை முதலில் போட்டு, பச்சையை அதில் இழைத்து, மடிப்பு மடிப்பாக இறங்கினேன். தலைவர் முதலில் நாற்காலியில் இருந்தார், பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பாதிக்கு மேல் வந்தபோது துண்டின் கீழ் ஓரம் லேசாக ஆடியது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மேலுதட்டில் வியர்வை. அவள் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், ஆட்டம் நின்றது. பியூனைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லட்டுமா என்று தலைவர் இந்தியில் கேட்டார். வேண்டாம், அசைந்துவிடும் என்று அம்மா தன் ஓட்டை இந்தியில் சொன்னாள். வீட்டில் நான் நாள் முழுக்கக் கத்தியதும் அதைத்தான். எனக்குக் கண் மறைத்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டு வரைந்தேன்.

கடைசியாக, நூலளவு அசல் வெள்ளையை ஓரத்தில் வைத்தபோது தலைவர் போதும் என்றார். மற்றவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். அம்மா கையை இறக்கவில்லை. அவர் சொன்னது அவளுக்குக் கணக்கில்லை.

“அம்மா, போதும். கைய எறக்குங்க,” என்றேன்.

இறக்கப் பார்த்தாள். கை மடங்கவில்லை, அப்படியே விறைத்து நின்றது. நான் போய் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தேன்.

சற்று நேரம் எங்களை வராந்தாவில் இருக்கச் சொன்னார்கள். பிறகு தலைமை ஆசிரியை வெளியே வந்து, ஒன்றாம் தேதியிலிருந்து நிரந்தரம் என்றார். என்னை நம்பாமல் போனதற்கு வருத்தப்பட்டார். அவருக்குப் பின்னால் வந்த தலைவர் விரலில் காயாமல் இருந்த வெள்ளையைக் கைக்குட்டையால் துடைத்தபடி, இனிமேல் சரியான எண்ணெய் வாங்கு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் அம்மாவிடம் தமிழில் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டினாள். மழை விட்டிருந்ததால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அம்மாவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அடுக்களைக்குப் போய், அதே டின்னிலிருந்து நல்லெண்ணெயை ஊற்றிச் சுடவைத்துக் கொண்டுவந்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தேய்த்துவிட்டேன். கொடியில் மிச்சமிருந்த மூன்று துணிகளைத் தம்பி எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். அப்பா வரன் வேண்டாம் என்று ஊருக்கு எழுத இன்லண்டு கடிதம் தேடிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“அன்னைக்குக் கேட்டல்லா, தெரிஞ்சுதான் குடுத்தியளான்னு.”

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியாதுட்டி. ஆனா, தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பமோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. குடுத்திருப்பேன்னுதான் தோணிச்சு. அதான் வாய் வரல.”

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. எண்ணெய் வழிகிறது என்று மட்டும் சொன்னாள். நான் வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தேன்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. துண்டு இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டது. அம்மாவின் சேலையை மட்டும் இன்றைக்குத் தொட்டாலும் விரலில் பிசுபிசுக்கும். நான் அந்தப் பள்ளியில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தேன், சொந்தமாக ஒரு நாற்காலியோடு. அம்மா ஊருக்குப் போகும்போதெல்லாம் கடைசிவரை யார் வீட்டிலாவதுதான் இறங்கினாள்.